கேள்வி கேட்பவர் எங்கே உட்காருகிறார்?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 27
"டிவியில் எந்த வினாடி வினாவைப் பார்த்தாலும் தொகுப்பாளர் ஒரு ஓரம், போட்டியாளர்கள் வரிசையாக இன்னொரு ஓரம். கோடீஸ்வரன் வகை நிகழ்ச்சிகளில் மட்டும் நட்டநடுவில் இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக. இதற்குக் காரணம் உண்டா, இல்லை செட் போடுகிறவர் இஷ்டமா? எனக்கென்னவோ எல்லாம் கண்ணுக்கு அழகாக இருக்கத்தான் என்று தோன்றுகிறது."

பிப்ரவரி 28, இரவு 10.15
வெறும் அழகு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாற்காலியை எங்கே போடுகிறோம் என்பது போட்டியின் விதிகளில் ஒன்று. பதில் சொல்ல எத்தனை நொடி, தப்பானால் எத்தனை மதிப்பெண் போகும் என்பதைப் போல அதுவும் யார் ஜெயிப்பது என்பதில் கை வைக்கிறது. இருபது வருடமாகப் பள்ளிகளிலும் நூலகத்திலும் வினாடி வினா நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் இரட்டை நாற்காலி 1998 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவியில் கிறிஸ் டாரன்ட் நடத்திய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியோடு உலகம் முழுக்கப் பரவியது. செட்டை வடிவமைத்தவர் ஆண்டி வாம்ஸ்லி. வட்ட மேடை, சுற்றிலும் பார்வையாளர்கள், நடுவில் இரண்டு உயரமான நாற்காலிகள், ஆளுக்கு ஒரு திரை. கேள்வி ஏற ஏற வெளிச்சம் சுற்றிலும் இறங்கி அந்த இரண்டு பேர் மேல் குவியும். 2000இல் அது அமிதாப் பச்சனோடு இந்திக்கு வந்தது, சன் டிவியில் சரத்குமாரோடு தமிழுக்கு வந்தது.

அப்போது எங்கள் வீட்டில் எல்லாரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்போம். பெரிய அத்தை ஒரு நாள் சொன்னாள்: "இம்புட்டு உசரத்துல கால் தொங்க உக்கார வச்சா தெரிஞ்ச பதிலும் மறந்துதான் போகும்." அந்தப் பேச்சை இன்றுவரை மறக்கவில்லை. கால் தரையில் படாத மனிதன் தைரியமாக யோசிக்க முடியாது. முதுகுக்குப் பின்னாலும் ஆள், எதிரே தெரிந்த முகம் ஒன்றே ஒன்று, அதுவும் கேள்வி கேட்கிறவர் முகம்.

பிப்ரவரி 29, காலை
நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தனி நாற்காலி 1998இல் பிறந்ததில்லை. பிபிசியின் 'மாஸ்டர்மைண்ட்' 1972லேயே அதைச் செய்துவிட்டது. இருட்டு மேடை, ஒரே ஒரு கறுப்பு நாற்காலி, மேலிருந்து ஒரு விளக்கு, எதிரே மேசைக்குப் பின்னால் மேக்னஸ் மேக்னஸன். அதை உருவாக்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிக்கி கெஸ்டபோவால் விசாரிக்கப்பட்டவர். கைதியிடம் பெயர், பதவி, எண் கேட்பார்கள். அதைத்தான் பெயர், தொழில், சிறப்புப் பாடம் என்று மாற்றினார். ஆக அந்த நாற்காலி விசாரணை அறையிலிருந்து நேராக வந்தது.

நம் ஊருக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. 1990களின் கடைசியில் 'மாஸ்டர்மைண்ட் இந்தியா'வில் கேள்வி கேட்டவர் சித்தார்த்த பாசு. 'கௌன் பனேகா கரோர்பதி'யின் முதல் பருவங்களைத் தயாரித்தவரும் அவர்தான். விசாரணை நாற்காலி எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர் கைக்கு உபசரிக்கிற நாற்காலியும் வந்து சேர்ந்தது. உபசரிப்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அமிதாப் எழுந்துபோய்ப் பெண் போட்டியாளர்களுக்கு நாற்காலியை இழுத்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் எதிரெதிரேதான் உட்காருகிறார்கள், ஆனால் ஒன்றில் கைதி, இன்னொன்றில் விருந்தாளி. மாஸ்டர்மைண்டில் இரண்டு பேருக்கும் நடுவே அத்தனை தூரமும் இருட்டும் இருக்கும். இங்கே நடுவில் ஒரு சின்ன மேசைதான், கை நீட்டினால் குலுக்கலாம்.

மார்ச் 1
ஒருவர் "அப்படியானால் போட்டியாளரை யார் கண்ணிலும் படாமல் வைத்தால் இன்னும் நியாயமாக இருக்குமே" என்று கேட்டிருக்கிறார். செய்து பார்த்திருக்கிறார்கள். 1956இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் இரண்டு போட்டியாளர்களும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்பார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. தொகுப்பாளர் ஜாக் பாரி வெளியே. பார்ப்பவருக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது என்று தோன்றும். உள்ளே நடந்தது வேறு. பதில்களை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் அதைப் போட்டு உடைத்தார், சார்லஸ் வான் டோரன் 1959இல் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். கூண்டுக்குள் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்கள், முகத்தில் வியர்வை தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த வியர்வையை மக்கள் யோசிக்கிற பாடு என்று நம்பினார்கள்.

கூண்டைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது. அதனால் இதை இங்கேயே விடுகிறேன்.

மார்ச் 2, இரவு 11.30
சரி, சொந்தக் கதைக்கு வருகிறேன். விதி, விதி என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணமே அதுதான்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு உள்ளூர் சேனல் நடத்திய மாவட்ட வினாடி வினாவுக்குப் போனோம். ஒரு கல்யாண மண்டபத்தில் பதிவு. நான்கு அணிகள், நான்கு மேசைகள், எல்லாம் ஒரே வரிசையில். தொகுப்பாளருக்கு முதல் மேசையின் பக்கத்தில் மைக் ஸ்டாண்டு. நாங்கள் நான்காவது மேசை. ஒலிபெருக்கிகள் இரண்டும் பார்வையாளர்களைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. தொகுப்பாளர் கேமராவைப் பார்த்துத்தான் படிப்பார், எங்களுக்கு அவருடைய பின்னந்தலையும் ஒரு காதும் தெரியும். பஸ்ஸர் சுற்றில் எட்டுக் கேள்வி. ஆறு முதல் மேசைக்குப் போனது. எங்களுக்கு மூன்றுக்குப் பதில் தெரியும், கை வைப்பதற்குள் அவர்கள் விளக்கு எரிந்துவிடும்.

கூட இருந்தவன் நல்ல கெட்டிக்காரன். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. தனக்கு மூளை மெதுவாகத்தான் ஓடுகிறது என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டான், அப்புறம் எந்தப் போட்டிக்கும் வரவில்லை. எங்களுக்குச் சத்தம் தாமதமாக வந்தது என்பதுதான் என் எண்ணம்.

மார்ச் 3, மதியம்
மண்டபத்துக்குள் சத்தம் அவ்வளவு தாமதமாக வர முடியாது என்று ஒரு இயற்பியல் ஆசிரியர் எழுதியிருப்பதைப் படித்தேன். அவர் கணக்கு சரி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். முதல் மேசைக்கும் நான்காவது மேசைக்கும் நான்கு மீட்டர் என்று வைத்தால் தாமதம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அதை வைத்து யாரும் தோற்க முடியாது. ஆகவே "சத்தம் தாமதமாக வந்தது" என்பதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் தோற்றதற்கு இடம் காரணமில்லை என்று ஆகிவிடாது. இன்று முழுக்க யோசித்ததில் எனக்குப் புரிந்தது இது. முதல் மேசைக்காரர்கள் அவருடைய வாயைப் பார்த்தார்கள். ஒருவர் படிக்கும்போது முக்கியமான சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுப்பார், உதடு அந்தச் சொல்லுக்குத் தயாராகும், கண் அட்டையின் கடைசி வரிக்கு இறங்கும். இதெல்லாம் கேள்வி முடியப்போகிறது என்பதற்கு அடையாளம். பின்னந்தலையில் எந்த அடையாளமும் கிடையாது.

அமெரிக்காவின் 'ஜெப்பர்டி'யில் இந்தப் பிரச்சினையை எப்படித் தீர்த்தார்கள் என்று பாருங்கள். கேள்வி பலகையில் எழுத்தாகவே தெரியும், மூன்று பேரும் அதைப் பார்க்கலாம். தொகுப்பாளர் படித்து முடித்த பிறகு பலகையின் ஓரங்களில் விளக்குகள் எரியும். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு அவை தெரியாது. விளக்கு எரியும் முன் பொத்தானை அழுத்தினால் கால் நொடி பூட்டிக்கொள்ளும். 1984இல் அலெக்ஸ் ட்ரெபெக்கோடு நிகழ்ச்சி மறுபடி தொடங்கியபோது இந்த விதி இல்லை, 1985இல்தான் கொண்டுவந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே விளக்கு. தொகுப்பாளர் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்று, அங்கே போட்டியாளர்களின் காலுக்குக் கீழே ஏறி இறங்கும் பலகை உண்டு. குள்ளமானவரும் நெட்டையானவரும் திரையில் ஏறக்குறைய ஒரே உயரமாகத் தெரிவார்கள். முந்தைய நாள் ஜெயித்தவருக்கு நம் பார்வைக்கு இடது கோடி இடம். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய மரியாதை வந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, நிற்கும் இடத்தைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார்.

மார்ச் 3, இரவு
விட்டுப்போனது: பதினொன்றாம் வகுப்புத் தோழனுக்கு மேலே உள்ள குறிப்பைப் படமெடுத்து அனுப்பினேன். "சரிதான்டா" என்று மட்டும் பதில் வந்தது.

மார்ச் 5
இடம் யார் ஜெயிப்பது என்பதில் கை வைக்கிறது என்று முதல் நாள் சொன்னதற்குச் சுத்தமான உதாரணம் கேட்டீர்கள். 'தி பிரைஸ் இஸ் ரைட்'. 1972 முதல் அமெரிக்காவில் ஓடும் நிகழ்ச்சி, 2007 வரை பாப் பார்க்கர், அதற்குப் பின் ட்ரூ கேரி. பார்வையாளர்களிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டு மேடைக்குக் கீழே வரிசையாக நிறுத்துவார்கள். தொகுப்பாளர் மேலே மேடையில். ஒரு பொருளைக் காட்டி விலை கேட்பார்கள். உண்மை விலையைத் தாண்டாமல் அதற்கு மிக நெருக்கமாகச் சொன்னவர் மேலே ஏறலாம். மேலே ஏறினால்தான் தொகுப்பாளர் பக்கத்தில் நிற்க முடியும். பக்கத்தில் நிற்பதே அங்கே ஒரு பரிசு.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். புதிதாக வந்தவர் முதலில் விலை சொல்ல வேண்டும், பிறகு நம் பார்வைக்கு இடமிருந்து வலமாக முறை சுற்றி வரும். ஆக, புதியவருக்கு இடப்பக்கம் நிற்கிறவர்தான் கடைசி. அவர் மற்ற மூன்று விலையையும் கேட்டுவிட்டு, அதிகமாகச் சொன்னவரைவிட ஒரே ஒரு டாலர் கூடச் சொன்னால் போதும், அதற்கு மேலே உள்ள விலை முழுக்க அவருடையது. முதலில் சொன்னவர் பாடு பரிதாபம். அவருக்கும் அதே கண், அதே அறிவு. நிற்கும் இடம் மட்டும் வேறு.

"அது முறை, இடம் இல்லையே" என்று ஒருவர் மடக்குகிறார். முறை இடத்திலிருந்துதான் வருகிறது. அந்த வரிசையில் இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 6
வட்ட மேடையைப் புகழ்ந்துவிட்டு அதன் பெரிய ஓட்டையைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அதே பிரிட்டிஷ் நிகழ்ச்சியில் 2001 செப்டம்பரில் சார்லஸ் இன்க்ரம் என்ற ராணுவ மேஜர் பத்து லட்சம் பவுண்டு கேள்வி வரை போய் ஜெயித்தார். மேடையைச் சுற்றி, அடுத்து நாற்காலிக்குப் போகக் காத்திருக்கும் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் டெக்வென் விட்டாக். இன்க்ரம் விடைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லும்போது சரியான விடையில் இருமல் கேட்டது என்பது குற்றச்சாட்டு. பரிசு கொடுக்கப்படவில்லை. 2003இல் இன்க்ரம், அவர் மனைவி, விட்டாக் மூன்று பேரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. அவர்கள் மறுத்தார்கள், இன்றும் அதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு.

வழக்கை விடுங்கள், இடத்தைப் பாருங்கள். பதில் தெரிந்திருக்கக்கூடிய பத்துப் பேரை இருமல் கேட்கும் தூரத்தில் உட்கார வைத்தது யார்? ஜெப்பர்டி வரிசையில் இப்படி ஒரு வழக்கு வந்திருக்கவே முடியாது. அங்கே பக்கத்தில் நிற்பவர் எதிராளி, அவர் ஏன் உதவப் போகிறார்?

மார்ச் 8
பெண்கள் தினம் என்பதால் நினைவுக்கு வந்தது. கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில், 2020 ஜனவரியில் ஒரு பெண் ஒரு கோடி ஜெயித்தார். காது கேட்காதவர், பேச முடியாதவர். அந்த நாற்காலியில் கேள்வியும் நான்கு விடையும் எழுத்தாகக் கண் முன்னால் இருந்தன, கேட்பவர் முகமும் நேர் எதிரே இருந்தது. எங்கள் கல்யாண மண்டப நான்காவது மேசையில் அவரை உட்கார வைத்திருந்தால் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பிப்ரவரி 28 அன்று அந்த நாற்காலி மனிதனைப் பயமுறுத்துகிறது என்று எழுதினேன். அதில் பாதியைத் திருத்திக்கொள்கிறேன். அத்தை சொன்ன உயரம் பயமுறுத்துகிறது. எதிரெதிரே உட்காருவது உதவுகிறது.

மார்ச் 9
கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது: பட்டிமன்றம். நடுவில் ஒருவர், இரண்டு பக்கமும் அணிகள். அவருக்குப் பெயரே நடுவர். உட்காரும் இடத்தையே பதவியின் பெயராக வைத்த சொல். தொகுப்பாளர் என்ற சொல்லில் இடம் கிடையாது, அதனால் அவரை ஓரத்திலும் தள்ளலாம். நடுவரை ஓரத்தில் போட்டால் பெயரே பொய்யாகிவிடும். பண்டிகைக் காலையில் சாலமன் பாப்பையாவை மேடை ஓரத்தில் உட்கார வைத்து நினைத்துப் பாருங்கள், பார்க்க முடியாது.

2006இல் விஜய் டிவியில் தொடங்கிய 'நீயா நானா' இதைக் கொஞ்சம் கலைத்தது. இரண்டு பக்கமும் படிக்கட்டு மாதிரி இருக்கை, மாமியார்கள் ஒரு பக்கம், மருமகள்கள் ஒரு பக்கம் என்று நேருக்கு நேர். கோபிநாத் நடுவில் நின்றபடி இரண்டு பக்கமும் நடப்பார். உட்கார்ந்த நடுவர் தீர்ப்புச் சொல்வார். நின்று நடக்கிறவர் தூண்டிவிடுவார், சமாதானமும் செய்வார். பிபிசியின் 'வீக்கஸ்ட் லிங்க்' பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கேயும் ஆன் ராபின்சன் நடுவில்தான், போட்டியாளர்கள் அரைவட்டமாகச் சுற்றி. ஆனால் அந்த அம்மா யாருக்கும் சமாதானம் சொல்ல மாட்டார்.

மார்ச் 9, பின்னிரவு
பிரிட்டனில் கல்லூரி அணிகள் மோதும் 'யூனிவர்சிட்டி சேலஞ்ச்' வினாடி வினா பற்றிக் கேட்டவருக்கு: இல்லை, ஒரு அணி மாடியிலும் ஒரு அணி கீழேயும் உட்காருவதில்லை. 1962இல் தொடங்கிய நிகழ்ச்சி அது, திரையைக் குறுக்கே இரண்டாகப் பிரித்து அப்படிக் காட்டுகிறார்கள். நிஜத்தில் இரண்டு அணியும் ஒரே தரையில் பக்கத்துப் பக்கத்தில். நானும் சின்ன வயதில் மாடி என்றே நம்பினேன்.

மார்ச் 10, ஞாயிறு
இவ்வளவு பேசிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இன்று எங்கள் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கான மாத வினாடி வினா. மூன்று சுற்றுக்கு மூன்று விதமாக பெஞ்சு போட்டேன். பதினாறு பிள்ளைகள், நான்கு அணி.

முதல் சுற்று பட்டிமன்றம் மாதிரி. நான் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அணி. நான்கு கேள்வி முடிவதற்குள் இடப்பக்கத்து ஏழாம் வகுப்புப் பையன் எழுந்து, "சார், நீங்க அந்தப் பக்கமே பாத்துப் படிக்கிறீங்க" என்றான். நம்பவில்லை. நூலகர் அக்காவிடம் கேட்டேன். "ஆமா தம்பி, ஆரம்பத்துலருந்தே அப்படித்தான்" என்றார். கேள்வி அட்டைக் கட்டை வலது கையில் வைத்திருந்தேன், உடம்பு தானாக அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. இருபது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று நினைக்கும்போது மனசு கனத்தது. எத்தனை பிள்ளைகள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாம் சுற்று அரைவட்டம். முகம் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் ஒரு அணி குசுகுசுவென்று பேசுவது பக்கத்து அணிக்குக் கேட்டது, இரண்டு அணி ஒரே தப்பான விடையைச் சொன்னது. இன்க்ரம் வழக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாம் சுற்றில் எல்லாரையும் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, கேள்வியைச் சுவரில் ஒளிவீழ்த்தி, நான் அவர்களுக்குப் பின்னால் நின்று படித்தேன். கைவிளக்கைச் சுவரில் அடித்த பிறகுதான் மணி அடிக்கலாம். அதுதான் மூன்றிலும் நியாயமான சுற்று, நான்கு அணிக்கும் மதிப்பெண் விழுந்தது. முடிந்ததும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "சார், உங்க மூஞ்சி தெரியாம பதில் சொல்லப் பிடிக்கல, பரீட்சை மாதிரி இருக்கு" என்றாள்.

மார்ச் 11
அந்தப் பெண் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வரை இடம் என்றால் நியாயம் மட்டும் என்று இருந்தேன். முகம் வேண்டும் என்கிறாள் அவள். 2020இல் கொரோனா நேரத்தில் 'கௌன் பனேகா கரோர்பதி' பார்வையாளர் இல்லாமல் நடந்தது ஞாபகம் இருக்கலாம். பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்கும் உதவியை எடுத்துவிட்டார்கள், இரண்டு நாற்காலிக்கும் நடுவே தூரத்தைக் கூட்டினார்கள். ஜெப்பர்டியிலும் போட்டியாளர்கள் நிற்கும் மேடைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். கேள்வியின் தரம் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அந்தப் பருவத்தைப் பார்க்கும்போது ஏதோ குறைவது போலவே எனக்கு இருந்தது. அந்தச் சின்னப் பெண்ணுக்கு அது நேற்று ஒரே சுற்றில் தெரிந்துவிட்டது.

மார்ச் 13
முதலில் கேள்வி கேட்டவர் "அப்போ அடுத்த மாதம் எப்படிப் போடப் போகிறீர்கள்?" என்று எழுதியிருக்கிறார். இப்போதைக்கு யோசனை இது. கேள்வி சுவரில். நான் சுவருக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி. கட்டு கையில் கிடையாது, ஒரு ஸ்டாண்டில் நேர் நடுவில். அணிகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு இடைவெளி. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அணிகள் ஒரு இடம் வலப்பக்கம் நகர வேண்டும், கடைசி அணி முதலிடத்துக்கு வரும். நான்கு சுற்று, நான்கு இடம், எல்லா அணியும் எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கும்.

தரையில் சாக்பீஸால் குறி போட நூலகர் அக்கா அனுமதி கொடுத்துவிட்டார். அளவெடுக்க வருகிறேன் என்று என் நான்காவது மேசைத் தோழன் சொல்லியிருக்கிறான். டேப் அவனே கொண்டு வருகிறானாம்.